சங்கத்துச் சுவரில் பெற்றிசியா

கோயில் பங்கு மண்டபத்தில் கூட்டம் தொடங்க வெகுநேரம் முன்பே அருட்பிரகாசம் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்துவிட்டார். நத்தாருக்கு எடுத்த நீலச் சேட்டை மடிப்புக் குலையாமல் போட்டிருந்தார். மீசைக்கு மை பூசியிருந்தார். மனைவி பெற்றிசியா கருவாடு பரப்பிய கையைக் கழுவிக்கொண்டு வந்து, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தாள்.

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் உடற்பயிற்சி மெசின்களைப் பூட்டியது போன வருடம்தான். கரைவலைக் கயிற்றை ஆட்கள் இழுத்த காலம் போய், உழவு மெசினில் கயிறு சுற்றும் விஞ்சு பூட்டி இழுக்கத் தொடங்கியதிலிருந்து ஊர் ஆண்களுக்கு வயிறும் சீனி வருத்தமும் வந்துவிட்டன. கயிற்றை மெசின் இழுத்தது. மனிதர்கள் விடியற்காலையில் வந்து, ஒரு மீனும் வராத மெசின்களை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மெசின்களுக்குப் பின்னால் கடற்றொழிலாளர் சங்கத்தின் வலைக்கொட்டில் சுவர் நீளமாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதில் படம் கீறித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்திருந்தது. ஊரவர்கள் யாரைச் சொல்கிறார்களோ அவரைத்தான் கீறுவோம் என்பது அவர்களின் நிபந்தனை. சுவர் சங்கத்தினுடையது. சங்கத்தின் தலைவர் அருட்பிரகாசம். அவர் ஓம் என்றால்தான் பெயின்ற் வாளி உள்ளே வரும்.

கீற வந்த யதுர்சிகா கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. "எனக்குக் கடலைப் பற்றி ஒண்டும் தெரியாது," என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். "உடம்பைப் பேணுற இடத்துக்குப் பின்னாலை வரப்போற படம். உங்கட ஊரிலை பலமான ஆள் எண்டு ஒராளைச் சொல்லுங்கோ."

அருட்பிரகாசம் அடக்கமாக நிலத்தைப் பார்த்தார். தன் பெயர் வரும்போது நிமிர்வதா, கொஞ்சம் பொறுத்து நிமிர்வதா என்று யோசித்தார்.

"பெற்றிசியா," என்றார் மன்றாடி. முன்னொரு காலம் கரையில் நின்று இழுவையை நடத்தியவர் அவர். மன்றாடி என்ற தொழிற்பெயர்தான் ஊரில் அவருக்குப் பெயர். "அருளின்ர கால் முறிஞ்ச வருசம் அவள்தான் கயித்திலை நிண்டவள். ஒரு சீசன் முழுக்க. ஆம்பிளையள் விழுந்த இடத்திலை விழாமல் நிண்டவள்."

"ஓம், பெற்றிசியாதான்," என்றது இன்னொரு குரல். பிறகு மண்டபம் முழுதும் அந்தப் பெயர்தான். அருட்பிரகாசம் நிமிரவே இல்லை.

பொறாமை அவருக்கு இடையில் வந்த வியாதியல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே அது வீட்டில் வந்து காத்திருந்தது, தமையன் சூசைதாசன் என்ற பெயரில். கோயில் பெருநாளுக்குப் புனிதரின் சுரூபம் தூக்கும்போது முன்தடி தமையனுக்கு, பின்தடி இவருக்கு. முதல் பைபர் வள்ளம் தமையனுக்கு. மகள் கனடா போனதும் தமையன் வீட்டிலிருந்துதான். சங்கத் தலைவர் பதவி மட்டும் இவருக்கு வந்தது, அதுவும் தமையன் போட்டியிடாததால். தமையனைப் பார்த்து எரிவது பழகிப்போன எரிச்சல். பெற்றிசியாவைப் பார்த்து எரிய வேண்டி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் அவர் சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்தார்.

"என்னப்பா, திருக்கைக் கறி பிடிக்கேல்லையோ?"

"பெரிய ஆக்களின்ர சமையலைக் குறை சொல்ல நான் ஆர்?"

பெற்றிசியாவுக்கு விளங்கிவிட்டது. "உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் அந்தப் பிள்ளையிட்டை வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். எனக்கென்ன, சுவரிலை நிண்டால்தான் சோறு இறங்குமோ?"

அதுதான் அவரை இன்னும் சுட்டது. அவர் ஆசைப்பட்டும் கிடைக்காததை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட முடிகிறது.

அடுத்த நாள் அவர் சுவரைச் சுரண்டிக் காட்டி, உப்புக் காற்றில் பூச்சு உதிர்கிறது, பெருநாள் முடிய யோசிப்போம் என்றார். யதுர்சிகா மறுபேச்சுப் பேசாமல் உதிர்ந்ததையெல்லாம் தட்டிக் கொட்டி, புதிதாகப் பூசுவித்து, வெள்ளையும் அடித்துவிட்டாள். மீன் வாங்க வந்த சரிபுதீன் லொறியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

"என்ன தலைவர், கலியாண வீடு மாதிரிக் கிடக்கு. மாப்பிள்ளை ஆர்?"

"பொம்பிளை மட்டும்தான், நானா," என்றார் அருட்பிரகாசம்.

"அப்ப உங்களை ஊர் இனிப் பெற்றிசியாவின்ர மனுசன் எண்டுதான் சொல்லும். பரவாயில்லை, என்னை என்ர வீட்டிலை அப்பிடியும் சொல்லுறதில்லை."

இனித் தடுக்க வழியில்லை. ஒரு கிழமை கழிந்து, மெசின் கம்பத்தில் கயிறொன்றைக் கட்டி, அதை இழுத்துக்காட்டும்படி யதுர்சிகா பெற்றிசியாவைக் கேட்டாள். கரைவலை இழுப்பவர்கள் தோளில் ஒரு பட்டியை மாட்டி, அதன் நுனியைக் கயிற்றில் கொழுவி, கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார்கள். தாழ்வுபாட்டில் எல்லாருக்கும் பட்டி வலத்தோளில். பெற்றிசியா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, பட்டியை இடத்தோளில் மாட்டி, இடக்காலை மணலில் புதைத்துச் சாய்ந்தாள். கயிறு விண்ணென்று நின்றது.

வேடிக்கை பார்க்க வந்த மன்றாடி கைதட்டிச் சிரித்தார். "பாத்தியளோ, அப்பிடியே அருளின்ர இழுவை. புருசன் பழக்கினது போகுமோ? இந்தக் கரையிலை இடத்தோளாலை இழுத்தவன் அவன் ஒருத்தன்தான்."

சுற்றி நின்றவர்கள் அருட்பிரகாசத்தைப் பார்த்தார்கள். யதுர்சிகாவும் பார்த்தாள். "மெய்யே அங்கிள்? நீங்கள்தான் அன்ரிக்குப் பழக்கினனீங்களோ?"

நடந்ததை இன்னும் நினைவில் வைத்திருந்தவர்கள் அவரும் பெற்றிசியாவும்தான். கால் முறியும்வரை அருட்பிரகாசம் கயிறே இழுத்ததில்லை. வலை வளைக்கும் வள்ளத்தில் போனவர். கரையேற்றும்போது வள்ளம் உருண்டு அவருடைய வலக்காலில் ஏறியது. அந்தச் சீசன் அவள் கயிற்றில் நின்று மீன் பங்கு கொண்டுவந்தாள். ஏன் இடத்தோள் என்று கேட்டதற்கு, "எனக்கு இதுதான் வசதி," என்றாள். கால் பொருந்திய பிறகு வள்ளத்தில் ஏற அவரால் முடியவில்லை. அவள் நின்ற இடத்தில் தானே நிற்கிறேன் என்றார். வலக்கால் ஊன்றாத மனிதனுக்கு வலத்தோள் சரிவரவில்லை. வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு, கிணற்றுத் தூணில் கயிறு கட்டி, இடத்தோளால் இழுக்க அவருக்குப் பழக்கியவள் அவள். அதற்குப் பிறகு பல வருடம் அவர் அப்படி இழுத்ததால், எது முதல், எது பிறகு என்பது ஊருக்கு மறந்துபோயிற்று.

கயிறு இன்னும் விறைத்தபடி நின்றது. பெற்றிசியா அவரைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னாலும் சரி என்பதுபோல ஒரு பார்வை.

"ஓம்," என்றார் அருட்பிரகாசம். "நான்தான் பழக்கினது."

சொன்னதும் நெஞ்சு நிறைந்தது. சுவரில் அவள் நின்றாலும் இழுவை அவருடையது.

பெற்றிசியா பட்டியைக் கழற்றினாள். வலத்தோளில் மாட்டினாள். "பிள்ளை, இப்பிடிக் கீறுங்கோ," என்றாள்.

யதுர்சிகாவுக்கு எந்தத் தோளானாலும் ஒன்றுதான். அப்படியே கீறினாள்.

சில நாளில் சுவரில் ஆளுயரத்துக்கு மேலான ஒரு பெண் எழும்பிவிட்டாள். மஞ்சள் சேலை, எதிரே கடல், கையில் கயிறு. ஊர் வந்து பார்த்தது. முகம் பெற்றிசியாதான், ஆனால் நிலை அவளுடையதாக இல்லை என்று ஒருவரும் சொல்லத் தெரியாமல் தலையைச் சரித்துப் பார்த்தார்கள்.

சூசைதாசனுக்குச் சொல்லத் தெரிந்தது. அவர் படத்துக்கு நேர் முன்னால் கால் மெசினில் ஏறி இருந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தினார்.

"வடிவாப் பாருங்கோ. வலத்தோள், வலக்கால், இடுப்பு வளைவு. என்ர இழுவை. அந்தப் பிள்ளை என்னைப் பாத்துத்தான் கீறியிருக்க வேணும்."

"நீங்கள் அந்த நேரம் இஞ்சை வரவேயில்லையே அண்ணை," என்றார் அருட்பிரகாசம்.

"என்னத்துக்கு வரவேணும்? ஊர் முழுக்க என்னைப் பாத்துத்தானே பழகினது."

அன்றைக்கே படம் கனடாவுக்குப் போய்விட்டது. சூசைதாசனின் மகள் போனில் குடும்பக் குழுவில் எழுதியிருந்தாள்: 'சின்னம்மா நல்ல வடிவு. நிக்கிற விதம் அப்பா மாதிரியே.' அதன் கீழே வரிசையாக இதயங்கள். அருட்பிரகாசம் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் சங்கத்தின் சுவரில், தன் மனைவியின் உடம்பில், தமையன் ஏறி நிற்கிறார்.

காலையில் யதுர்சிகா வாளியைத் திறக்கும்போது அவர் அங்கே நின்றார். சற்றுத் தள்ளித் துடுப்பு மெசினில் பெற்றிசியா வழக்கம்போல வலித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, தோளை மாத்த வேணும்."

"என்ன அங்கிள், முக்கால்வாசி முடிஞ்சுது. முழுக் கையையும் அழிக்க வேணுமே."

"அழியுங்கோ. பெயின்ற் நான் எடுத்துத் தாறன். இடத்தோள்தான் சரி."

"ஏன், அதுதானே உங்கட இழுவை? அன்ரிதானே வேண்டாமெண்டவ."

அருட்பிரகாசம் ஒருமுறை கடலைப் பார்த்தார். ஒருமுறை கால் மெசினைப் பார்த்தார்; தமையன் இன்னும் வரவில்லை.

"என்ர இல்லை. அவவின்ர. கால் முறிஞ்ச பிறகு நான் அவவிட்டைத்தான் பழகினனான். அண்டைக்குப் பொய் சொன்னனான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மன்றாடிக்குச் சொல்லுங்கோ, சரிபுதீனுக்குச் சொல்லுங்கோ. அண்ணைக்கு மட்டும் நான் பழகின கதை வேண்டாம். வலத்தோள் பிழை எண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்."

துடுப்பு மெசினின் சத்தம் நின்றிருந்தது. பெற்றிசியா இறங்கி வந்தாள். பட்டியை எடுத்து இடத்தோளில் மாட்டினாள். யதுர்சிகா கயிற்றைக் கம்பத்தில் கட்டப் போனாள்.

"அதிலை கட்டாதேங்கோ பிள்ளை," என்றாள் பெற்றிசியா. "இரும்பு சும்மா நிக்கும். கடல் அப்பிடி நிக்காது, இழுக்கும், விடும். இவரிட்டைக் குடுங்கோ. இவருக்கு அது நல்லா வரும்."

அருட்பிரகாசம் மறுமுனையைப் பிடித்தார். அவள் சாய்ந்தாள். அவர் இழுத்தார், கொஞ்சம் விட்டார், மறுபடி இழுத்தார். யதுர்சிகா பழைய கைக்கு மேல் வெள்ளை பூசி, புதுத் தோளைக் கீறத் தொடங்கினாள். வெயில் ஏறியது. அவருக்குக் கை நொந்தது.

"பிள்ளை, இந்தப் பக்கம் பிடிக்கிற ஆள் படத்திலை வருவாரோ?"

"இல்லை அங்கிள். கயிறு கடலுக்குள்ளை போற மாதிரி. சுவர் அதோடை முடியுது."

அருட்பிரகாசம் சுவரின் விளிம்பைப் பார்த்தார். அதற்கப்பால் கிடந்த வெறும் மணலைப் பார்த்தார். அதுவும் சங்கத்துக் காணிதான்.

"ஒரு நாலு முழம் நீட்டிக் கட்டினால்?" என்று கேட்டார்.

"கதையை விட்டிட்டு இழுங்கோ," என்றாள் பெற்றிசியா.