அங்கே யாரும் இல்லை

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் லண்டனில் கல்யாணம், இல்லாவிட்டால் பாரிஸில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. எங்கே போனாலும் கணவரின் அம்மாவான மாமி சுட்ட பயற்றம் பணியாரம் பாதிப் பெட்டியை நிரப்பிவிடும்.

இந்த முறை நானும் கணவரும் பொலினேசியத் தீவுகளுக்குப் போக ஆசைப்பட்டோம். சொந்தக்காரரைப் பார்க்காமல் என்ன பயணம் என்று மாமி கோபிப்பாரோ என்ற பயத்துடன்தான் அவரிடம் படத்தைக் காட்டினேன். நீலக் கடல், வெறும் மணல்.

“அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை, மாமி.”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ஒருத்தருக்கும் பலகாரம் சுடத் தேவையில்லை. நானும் வாறன், பிள்ளை.”

அவருக்கும் ஒரு விடுமுறை வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பயணத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. மாமி இப்போதே பெட்டி அடுக்கிவிட்டார். முதன்முறையாக அதில் அவருடைய உடுப்புகள் மட்டும்தான் இருக்கின்றன.