கேட் பாஸ் இல்லாத கல்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையை விட்டு ஒரு போல்ட் வெளியே போவதானாலும் கேட் பாஸ் வேண்டும். என்ன பொருள், எதற்கு, திரும்ப வருமா வராதா என்று அதில் எழுத வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் வரிசையில் நின்று டிபன் பாக்ஸையும் திறந்து காட்ட வேண்டும்.

அன்று வரிசையில் நின்றபடி போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆளில்லாத விண்கலம் ஒன்று சிறுகோளைத் தொட்டு, ஒரு பிடி கல்லை அள்ளிக்கொண்டு கிளம்பியது. செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், கல்லு எட்துக்கினு போவுது? யாரு கையெழுத்து போட்டது?”

“அங்க மனுசனே கிடையாதுண்ணா!”

“ஆள் இல்லாத எடத்துல எட்தா அதுக்குப் பேரு இன்னா சார்?”

எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அது திருட்டு இல்ல, ஆராய்ச்சி!” என்று கத்திக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தேன். மதியம் சோற்றில் கடிபட்ட கல் ஒன்று ஓரத்தில் கிடந்தது.

அவர் அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு கேட் பாஸ் எழுதி நீட்டினார்.

‘பொருள்: கல், ஒன்று. திரும்ப வராது. காரணம்: ஆராய்ச்சி.’