பெயரை மட்டும் படித்தேன்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். மருந்துச் சீட்டோ, வங்கிப் படிவமோ, வீட்டில் எல்லாம் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

மகளுக்கு இரண்டாவது தடுப்பூசி போட்டுக் கணபதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல். முதல் ஊசிக்கு வாங்கிய மருந்து தீர்ந்திருந்தது. கடையில் அதன் பெயரைச் சொன்னேன். கொடுத்த பாட்டில் சின்னதாக இருந்தது.

"அதேதானுங்களா?"

"அதே மருந்துதானுங்க," என்றார் கடைக்காரர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

போன முறை கொடுத்த அதே அளவைப் பாலாடையில் ஊற்றினேன். குழந்தை வீறிட்டு அழுதாள். என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். எட்டாவதோடு படிப்பை விட்டவர். பழைய காலிப் பாட்டிலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்மணி, நில்லு. பழசுல அஞ்சு மில்லிக்கு நூத்தி இருபத்தஞ்சு மில்லிகிராம் மருந்து. இதுல ஒரு மில்லிக்கே நூறுன்னு போட்டிருக்குது."

"புள்ள கத்தறது காதுல உழுகலீங்களா? நான் படிச்சுப் பாத்துட்டேனுங்க."

"பேரைப் படிச்சே. அளவைப் படிச்சியா?"

பார்த்தேன். நான்கு மடங்கு! பாலாடையில் இருந்த மருந்தைக் கீழே கொட்டினேன். டாக்டருக்குப் போன் செய்து, சரியான அளவைக் கேட்டுத்தான் கொடுத்தோம்.

பெயரைக் கட்டைவிரல் பருமனில் அச்சிடுகிறவர்கள், அளவை எறும்பு போலப் போடுவது ஏனோ? கடைக்காரர் மேலும் ஆத்திரம்தான். ஆனால் பட்டம் வாங்கிய நானும் பெயரோடு நிறுத்திக்கொண்டேனே!

இப்போதெல்லாம் புதுப் பாட்டில் வந்தால் அளவை நான் உரக்கப் படிக்கிறேன். என் கணவர் அதை டாக்டர் சீட்டோடு ஒத்துப் பார்க்கிறார். "சரிங்க டீச்சர்" என்று அவர் பள்ளிக்கூடப் பையன் போலச் சொன்ன பிறகுதான் மூடியைத் திறக்கிறேன்.