கொள்ளி வைத்தவனுக்கு உரிமையில்லை

இந்த ஊரில் எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் முதலில், நாள் எப்படிப் போகிறது என்று கேட்கிறார்கள். நகராட்சி அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் சிரித்தபடி அதையேதான் கேட்டாள். என்னோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி சேகரை உங்கள் போலீஸ்காரர் பிடித்துத் தள்ளினார், நடைபாதையில் மண்டை அடிபட்டுச் செத்துப்போனான், அதற்கு மனுக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டிய நான், "ஃபைன், தேங்க் யூ" என்றேன். இத்தனை வருடம் இந்த வெளிநாட்டில் குப்பை கொட்டியதில் நாக்குக்கு அது பழகிவிட்டது.

இங்கே நகரத்தின்மேல் வழக்குப் போடுவதற்கு முன்னால், போடப்போகிறேன் என்று அந்த நகரத்திடமே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் சில மாதங்களுக்குள். கெடு தாண்டினால் கோர்ட் வாசலை மிதிக்க முடியாது. இங்கிருக்கும் நம்மவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த மனு, செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுப்பதுதான். ஏரிக் கால்வாய்க்காக அப்பா எங்கள் ஊர் படாளத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் கொடுப்பார். வீட்டுக்கு ஒரு மனு, மூத்த ஆம்பளையின் ஒரு கையெழுத்து. அதில் எல்லோரும் அடக்கம். அப்பா போனபிறகு அந்த இடம் எனக்கு வந்தது. சேகருக்கும் நானே போடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "மூத்தவன் நீ கீற, நீயே போடு" என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் உறவு என்ன என்று கேட்டாள். சகோதரன் என்றேன். பெற்றோர் இருக்கிறார்களா என்றாள். அக்கறையாக விசாரிக்கிறாள் என்று நினைத்து, அம்மா நன்றாக இருக்கிறார் என்று சொல்லி நன்றியும் சொன்னேன். அவள் வேறெதுவும் சொல்லாமல் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.

பிறகு பார்த்த வழக்கறிஞர்தான் போட்டு உடைத்தார். சேகருக்கு மனைவி, பிள்ளை இல்லை. ஆகவே நஷ்டஈடு கேட்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும்தான். அவர் பெயரில் தனி மனு வேண்டும், கெடுவோ நெருங்கிவிட்டது. தாய் உயிரோடு இருக்கையில் அண்ணன் கணக்கிலேயே இல்லை. உடலை ஊருக்குக் கொண்டுபோய் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். "ஐ ஆம் ஸோ சாரி" என்றார். சட்டம் அதைக் கேட்பதில்லையாம்.

வீடியோவில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வருடம் திரும்பித் திவசம் ஆகட்டும், அதுவரை துக்கக்காரி எங்கும் போய் நிற்கக்கூடாது என்றாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும், நீ போடவில்லையென்றால் அவனுக்காகக் கேட்க உலகத்தில் ஆளே இல்லை என்றேன்.

"அவன எரிக்கசொல்லோ பொம்பள வரக்கூடாதுன்னு என்ன வூட்லியே குந்த வச்சீங்க. இப்போ மட்டும் நாந்தான் முன்னாடி நிக்கணுமாடா?"

கோபம் கோபமாக வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"சரி, இன்னா எழுதணும்?" என்று அவளே கேட்டாள். மகன் போனதால் நீ இழந்தது என்ன என்று கேட்டிருக்கிறார்கள் என்றேன்.

"தெனிக்கும் போன் போட்டு, துன்னியாமான்னு கேப்பான். இனிமே கேக்க மாட்டான். அத்த எழுதிக்க."

ஆங்கிலத்தில் எழுதினேன். படித்துப் பார்த்தால் சாப்பாட்டு விசாரணை போலத்தான் இருந்தது. அடித்து அடித்து எழுதி, அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன். செல்போன் திரையில் விரலால் அம்மா கையெழுத்துப் போட்டாள். கெடுவுக்குள் மனு போய்ச் சேர்ந்தது.

நகரம் அனுப்பும் பதில்கள் படாளம் போய்ச் சேர நாளாகும் என்பதால் வழக்கறிஞர் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். எங்கள் குடியிருப்பில் தபால் பெட்டிமேல் பெயர் இல்லாதவருக்குத் தபால்காரர் கடிதம் போடமாட்டார். பெட்டியில் என் பெயருக்குக் கீழே ஒரு பெயருக்குத்தான் இடம். அங்கே ஒட்டியிருந்த சேகரின் பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். முழுதாக வரவில்லை. அதன்மேலேயே, பாஸ்போர்ட்கூட இல்லாத அம்மாவின் பெயரை எழுதி ஒட்டினேன்.