நாங்கள் எடுத்த மீசை

எங்கள் சங்கம் வளைகாப்புச் சாதத்தில் பிறந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். ஒரு வளைகாப்புக்கு வளையல் கொண்டுபோன வீட்டில் எலுமிச்சை, புளி, தயிர் என்று ஐந்து வகைச் சாதமும் மிஞ்சிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து நிலையத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்குப் போட்டேன். பக்கத்து சலூன்கார அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தவர், தாடியெல்லாம் தயிர்சாதமாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டு கத்தரியோடு இறங்கினார். டீக்கடை அக்கா வெந்நீர் வைத்தார். அடுத்த ஞாயிறும் மூவரும் வந்து நின்றோம். அவ்வளவுதான் வரலாறு. பெயர்ப்பலகை வைக்க எங்களுக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை.

பெயர்தான் இல்லையே தவிர, சட்டதிட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. முதலில் சவரம், அப்புறம் குளியல், புது லுங்கி, கடைசியில்தான் இட்லி. அழுக்கும் சடையுமாக யாரையும் படம் எடுக்கக் கூடாது, அது அவர்களை அவமானப்படுத்துவது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். குளித்து முடித்த முகத்தைத்தான் எடுத்து, சொந்தக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று வாட்ஸ்அப்பில் விடுவோம். அண்ணனோ ஒரு முடி விடமாட்டார். அவர் கை பட்டால் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிடும். அதில் எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்படி நாங்கள் மழித்துவிட்டவர்களில் ஒருவர் பேசவே மாட்டார். எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். வெள்ளிமலை பஸ் கிளம்பும்போது மட்டும் எழுந்து நிற்பார், ஏறமாட்டார். மலைக்காரராக இருக்கும் என்று ஊகித்து, அந்தப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் படத்தை அனுப்பினோம். மாதக்கணக்கில் பதிலே இல்லை. பிறகு ஒரு ஞாயிறு ஒரு பெண் வந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பா காணாமல் போனாராம். சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடி, வேறு யாரோ என்று திரும்பியிருக்கிறாள். படத்தில் கண் மட்டும் அப்பா கண் மாதிரி இருந்ததாம்.

அவர் எதிரே ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். அவர் வழக்கம்போலச் சிரித்தார்.

"இவரு எங்கப்பா இல்லீங்க," என்றாள். "எங்கப்பாவுக்கு மீச காதுவரிக்கும் இருக்கும்."

இவளும் போய்விட்டால் இவரைத் தேடி இனி யார் வரப்போகிறார்கள்? அண்ணன் முன்னே வந்தார்.

"இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டேன்."

அவள் நம்பவில்லை. போன இடத்திலெல்லாம் இப்படி ஏதாவது சொல்லித் தலையில் கட்டப் பார்த்தார்களாம். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, கடைக்குள் ஓடிப்போய் ஒரு கண்மை டப்பாவைப் பிரித்துக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டிருந்தவர் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர் போல அவர் அசையவே இல்லை. பதற்றத்தில் இடது பக்கம் கன்னத்தைத் தாண்டிப் போய்விட்டது, வலது பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. டீக்கடை அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறார். எனக்கும் அடக்க முடியவில்லை, சிரிக்கச் சிரிக்கக் கோடு இன்னும் கோணுகிறது. அண்ணன் ஒருவர்தான் பக்கத்தில் நின்று, நுனியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லித் தொழில் சொல்லிக்கொடுத்தார்.

வரைந்து முடித்ததும் மீசைக்காரர் கையைத் தூக்கினார். இரண்டு விரலால் இல்லாத நுனியைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி, இடது புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து அண்ணனை ஒரு பிடி பிடித்தாள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

வெள்ளிமலை பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தோம். பஸ்ஸே பார்த்துச் சிரித்தது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு துப்பட்டா நுனியைத் தண்ணீரில் நனைத்து மீசையைத் துடைக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். அதுவரை அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை.

"இருக்கட்டும். வூட்ல உங்கம்மாவுக்கு அடையாளம் தெரியணும் இல்ல."