எல்லோரும் எட்டு போட்ட வாரம்

எங்கள் கம்பெனி கால்பந்து அணிக்கு என்னை யாரும் பயிற்சியாளராக நியமிக்கவில்லை. நானே ஆகிக்கொண்டேன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எந்த லைனில் எத்தனை பீஸ் விழ வேண்டும், யார் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகலாம், யார் எட்டரை வரை இருந்து ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் என் வாயிலிருந்துதான் வரும். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்களை மைதானத்தில் நிறுத்தி, "உடம்பப் பாத்துக்கோணுமுங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. அப்போது அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருக்கவில்லை.

ஒன்பது வருடத்தில் நாங்கள் இறுதி ஆட்டம் வரை வந்தது ஒரே ஒரு முறை. எதிரணியில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். மத்தியானம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு ஆட வருகிறவர்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்களை அவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தவர், தடுப்பு வரிசையின் நடுவில் நின்று ஆடிய ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். மணலில் ஆடிப் பழகியவர். வயது முப்பத்து நான்கு. மனைவியும் எங்களிடமே செக்கிங்கில் இருந்தார். ஆனாலும் அவருடைய ஓவர்லாக் மெஷினை நம்பித்தான் அந்தக் குடும்பம் இந்த ஊரில் நின்றது. துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற அந்த மெஷினுக்கு வலது கால் வேண்டும். காலையிலிருந்து மாலை வரை வலது பாதத்தால் பெடலை மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். அவர் பந்தை உதைப்பதும் அதே காலால்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை ஷிப்மெண்ட்டை நான்கு நாள் முன்னதாகவே அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் லைனுக்கு நடுவில் நின்று, வெள்ளி வரைக்கும் எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட் என்று அறிவித்தவன் நான். மெஷின்கள் ஒரு நொடி நின்றன, பிறகு ஓடின. மாலை டீ நேரத்தில் அயர்ன் மாஸ்டர் மட்டும், அவர்தான் எங்கள் இடது பக்க ஆட்டக்காரர், என் பக்கம் திரும்பாமல், "கழுதைக்கு வாக்கப்பட்டுட்டு உதைக்குப் பயந்தா ஆகுமுங்களா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விடிகாலைப் பயிற்சியை அந்த வாரம் நிறுத்திவிட்டேன். என்னால் நிறுத்த முடிந்தது அது ஒன்றுதான். அதோடு நிற்காமல், போனில் எதையோ பார்த்துவிட்டு ஒரு வித்தை செய்தேன். ஒவ்வொருவரும் காலையில் வந்ததும் தூக்கத்துக்கும் காலுக்கும் மனதுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் எழுதித் தர வேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் அந்த ஆளுக்கு ஏதாவது செய்வது என்பது திட்டம். என்ன செய்வேன் என்று நானே யோசித்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் எட்டு போட்டார்கள். மூன்று கட்டத்திலும் எட்டு. புதன்கிழமையும் எட்டுதான். எங்கள் கோல் கீப்பர் செக்கிங்கில் இருப்பவர், நாள் முழுக்க துணியில் ஓட்டை தேடித் தேடிக் கண் சிவந்து போனவர். அவரும் எட்டு. இரவில் கண்ணை மூடினால் பீஸ் பீஸாகத்தான் வருகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். வியாழக்கிழமை அவர் மனதுக்கு ஒன்பது போட்டார். எனக்கு அந்தத் தாள்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. என்ன உரம் பாரு இவங்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு. நான் அதைத் தாண்டியிருந்தேன்.

அந்த வாரம் ஓவர்லாக் டெய்லர் தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்தார். கேட்டிலிருந்து ஜெனரேட்டர் ரூம் வரை நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். முதல் இரண்டு சுற்று மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. வியாழக்கிழமை மற்றவர்களைக் கூப்பிட்டு அவரைக் காட்டினேன். "பாருங்க, ஃபைனலுன்னா இப்படித்தான் தயாராகோணும். கால் எப்படி இருக்குதுங்க தம்பி?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு அண்ணாச்சி," என்றார். நெற்றியில் வேர்த்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம். பாதி நேரம் வரை கோல் விழவில்லை. இடைவேளையில் சுவர் நிழலில் உட்கார வைத்து எதிரணியை எப்படி மடக்குவது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சை முடித்தபோது இரண்டு பேர் தூங்கியிருந்தார்கள். தோளைத் தட்டி எழுப்பினேன். ஒருவர் பதறி எழுந்து, "பீஸ் வந்துருச்சுங்களா?" என்றார். அப்போதாவது ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆசை யாரை விட்டது. கோப்பையைக் கம்பெனி வாசலில் வைத்துப் போட்டோ எடுப்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறு பாதியில் சிறிது நேரத்தில் ஒரு பந்தை நோக்கி டெய்லர் ஓடினார். சுற்றிலும் யாருமில்லை. திடீரென்று நின்று, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி கோபமாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது குதிகாலுக்கு மேலே இருக்கிற தடித்த நரம்பு அறுந்துபோயிருந்தது. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டெய்லரின் மனைவி பக்கத்தில் நின்றேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசமா காலையில எந்திச்சா குதிகாலத் தரையில வைக்க முடியாது அண்ணாச்சி. செவுத்தப் புடிச்சுட்டுத்தான் நடப்பாவ. கம்பெனிக்கு வந்து நடந்து நடந்து இளக்கிட்டுத்தான் மெஷின்ல உக்காருவாவ," என்றார்.

"ஏனுங்க அம்மிணி, தினமும் கேட்டனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "சொன்னா மெஷினவிட்டு எடுத்துருவீங்கள்லா. போன வருசம் இடுப்பு வலின்னு சொன்ன அக்காவ என்ன செஞ்சீங்க?"

அந்த அக்காவைத் துணி மடிக்கிற ஹெல்பராக இறக்கியவன் நான்தான். லைனின் வேகம் குறைகிறது என்று காரணம் எழுதியிருந்தேன். ஒரே மாதத்தில் அவர் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர்களில் யாருக்கும் மறக்கவில்லை. நான் பயிற்சியாளராகக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; அவர்கள் காதில் அது சூப்பர்வைசர் கேட்பதாகத்தான் விழுந்திருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து டெய்லர் திரும்பி வந்தார். மெஷினில் உட்கார வேண்டும் என்றார். வேறு எந்த வேலையும் கேட்கவில்லை. சரி, ஓட்டிப் பாருங்க என்றேன். பாதம் பெடலைத் தொட்டது, ஆனால் அழுத்தி நிற்கவில்லை. துணி நின்று நின்று ஓடியது. பிறகு இடது காலால் முயன்றார். அது ஒரேயடியாக மிதித்துவிட, துணி இழுத்துக்கொண்டு போய்க் கத்தியில் மாட்டியது. நான்கு பீஸ் பாழாயிற்று. பின்னால் அடுத்த பண்டில் காத்துக்கொண்டிருந்தது. லைனில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தைத்தார்கள். நான் அவர் தோளைத் தொட்டேன். அவரே எழுந்துகொண்டார்.

பிசிறு வெட்டுகிற மேஜையில் இடம் கொடுத்தேன். கையில் சின்னக் கத்தரியோடு, காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அணியில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். மெஷினுக்கும்தான். ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது, வழக்கம்போல, "கால் எப்படி இருக்குதுங்க தம்பி?" என்றேன்.

கத்தரியை மேஜையில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப வலிக்குது அண்ணாச்சி."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை அது. பயப்படுவதற்கு அவரிடம் இனி எதுவும் மிச்சமில்லை. தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது லைனுக்குப் போனேன். அங்கே இன்னும் இருநூறு பீஸ் விழ வேண்டியிருந்தது.