ஊர்சுத்தியின் கடைசி முழுக்கு

கடலில் விட்ட மிதவைகளைக் கணினியில் கவனித்துக்கொள்வதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. மிதவை என்றால் ஒரு பிள்ளை உயரத்துக்கு உலோகக் குழாய், உச்சியில் ஒரு கம்பி, அவ்வளவுதான். தானாக மூழ்கும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் பத்து நாள் போகும். பிறகு மேலே வந்து, இருக்கிற இடத்தைச் செயற்கைக்கோளிடம் சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடும்.

மதியச் சாப்பாடு முடிந்து கண் செருகும்போதெல்லாம் அவளும் கூடவே இறங்குவாள். பச்சை நீலமாகும், நீலம் கறுப்பாகும், அப்புறம் சத்தமே இராது. யாரோ தூக்கிக்கொண்டு மெதுவாக நடக்கிற மாதிரி உடம்பு நகரும். என்ன சுகம், போங்கள்!

மிதவைகளில் ஒன்றுக்கு மட்டும் ஊர்சுத்தி என்று பெயர் வைத்திருந்தாள். பிள்ளையில்லாத வீடு. தச்சு வேலை பார்க்கும் கணவர் சாப்பிட உட்காரும்போதே, "நம்ம ஊர்சுத்தி இப்ப எங்க திரியுறான்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

மேலே பருவக்காற்று திசை மாறினால், கொஞ்ச நாளில் அடியாழத்திலும் ஓட்டம் திரும்பும். வெயிலையே பார்க்காத அந்த இருட்டுக்கு மாசம் எப்படித்தான் தெரிகிறதோ! கிழக்கே போய்க்கொண்டிருந்த ஊர்சுத்தி வருஷா வருஷம் அந்தச் சமயத்தில் மேற்கே திரும்பிவிடுவான். இந்த வருஷம் எங்கேயோ தூரத்துக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறிக் கிடந்தது, காற்றும் தயங்கியது. அடியில் என்ன நடக்கிறது? அதைச் சொல்ல அந்தப் பக்கம் மிச்சமிருந்தது இவன் ஒருத்தன்தான்.

அவனுக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரே ஒரு முழுக்குத்தான் தாங்கும். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கப்பல் ஒன்று பக்கத்தில் வந்தது. அவனை மேலேயே நிற்கச் சொன்னால் தூக்கி வந்துவிடுவார்கள், முழுகிவிட்டால் கப்பல் காத்திருக்காது.

"வேணும்னா வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. முடிவு உங்க கையிலதாம்மா," என்றார் மேலதிகாரி.

அவள் கணவரைப் போனில் கூப்பிட்டாள். "ஏங்க, ஊர்சுத்தியக் கூட்டிட்டு வந்துடலாமாம்."

"அடி சக்கை! ஜன்னலோரமா நிக்க வெச்சுடலாம்," என்று குதித்தார் மனுஷன். பின்னால் ஓடிய ரம்பம் நின்றது. "ஏன் உம்முனு இருக்கே?"

இப்போது முழுகினால்தான் அடியோட்டம் தெரியும், ஆனால் திரும்பக் கிடைக்கமாட்டான் என்று சொன்னாள்.

"நம்ம வீட்டுல வந்து சும்மா நின்னு அவன் என்ன பண்ணப்போறான்," என்றார் கடைசியில். "அனுப்பு."

அவள் கட்டளையை அனுப்பினாள். திரையில் இருந்த புள்ளி அணைந்தது.

பத்தாம் நாள் ஊர்சுத்தி மேலே வந்தான். இன்னும் கிழக்கே தள்ளிப் போயிருந்தான். ஆழத்து நீர் இந்த வருஷம் திரும்பவே இல்லை. அறையில் எல்லோரும் எழுந்து திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் அவனிடமிருந்து சத்தமே இல்லை.

சில வாரம் கழித்து, கை கழுவிக்கொண்டே கணவர் கேட்டார். "அவன் ஏதாவது பேசினானா?"

"இல்லைங்க."

பேட்டரி விஷயம் அவருக்கும் நன்றாகவே தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு துண்டைத் தேடினார்.

"வேலையா இருப்பான்," என்றார்.